துளைக்கிணற்றுக் கல்லைத் தூர எறியலாகாது

பாசனத்துக்கெனத் துளைக்கிணறு இறக்கும் விவசாயி முதலில் கேட்பது, தண்ணீர் எத்தனை அடியில் கிடைக்கும் என்பது. அடுத்துக் கேட்பது, மோட்டார் இடைவிடாது எத்தனை மணி நேரம் ஓடும் என்பது. அத்தண்ணீர் எவ்வகைப் பாறையினின்று வருகிறது, அப்பாறையில் அடங்கியுள்ள கனிப்பொருள்கள் யாவை என்று கேட்போர் மிகச் சிலரே. துளைக்கும்போது வெளிவரும் மணலும் களியும் கற்பொடியும் வரப்போரத்தில் குவிந்து கிடந்து அடுத்த மழையில் கரைந்து போகின்றன. அல்லது வண்டிப்பாதையின் பள்ளத்தைத் தூர்க்கப் பயன்படுகின்றன. பெரும் பொருள் செலவிட்டுப் பூமியின் வயிற்றிலிருந்து எடுத்த சாட்சியம் இவ்வாறு ஒரே வாரத்தில் அழிந்துபடுகிறது. அந்தக் கிணற்று நீர் பிற்காலத்தில் நிலத்தைக் கெடுக்குமாயின், காரணம் யாது என்று ஆராய்வதற்கு ஒரு பிடி மண்ணும் எஞ்சுவதில்லை.

இக்குறை நீங்கவேண்டும். கிணற்று நீரைச் சோதிப்பதோடு கிணற்றுக் கல்லையும் சோதித்து, எந்த ஆழத்தில் எவ்வகை அடுக்கு இருந்தது என்பதைக் குறித்து வைப்பது, குழாய் இறக்குவதைப் போலவே கிணற்று வேலையின் ஓர் அங்கமாகக் கொள்ளப்படுதல் வேண்டும். படிவுப் பாறைகள் பரந்துள்ள கிழக்குக் கரையோர மாவட்டங்களில் இது மிகவும் அவசியமாகும்.

பாறையின் இயல்பே நீரின் இயல்பு

நீர் தான் சேர்ந்த நிலத்தின் தன்மையைப் பெற்றுத் திரியும் என்பதை வள்ளுவர் சிற்றினம் சேராமையை விளக்க வந்தவிடத்து உவமையாக எடுத்தாண்டார். இரசாயன ஆராய்ச்சி அவ்வுண்மையை எடையிட்டுக் காட்டுகிறது. மழை நீர் ஏறக்குறையக் கலப்பற்றது. அது மேல்மண்ணில் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மிக மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் பாறையின் இடுக்குகளில் ஆண்டுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக, ஊர்ந்து செல்கிறது. வழியில் எந்தக் கனிப்பொருளைத் தொடுகின்றதோ, அதன் சாரத்தை ஏற்கிறது.

தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கருங்கல் முதலிய கடினப் பாறையாகும். எஞ்சிய கால் பங்கே மணற்கல், சுண்ணாம்புக்கல், களிக்கல், வண்டல் ஆகிய படிவுகளால் ஆனது. கடினப் பாறையில் நீர் வெடிப்புகளில் மட்டும் நிற்கும். படிவுகளிலோ மணிகளுக்கு இடையேயுள்ள வெற்றிடம் முழுவதிலும் நிறைந்திருக்கும். ஆகவே படிவுப் பாறையில் நீரும் மிகுதி. நீர் தொட்டு உரசும் கனிப்பொருளின் பரப்பும் மிகுதி.

இவ்வேறுபாட்டைக் கண்ணாரக் காண விரும்புவோர் உட்டத்தூரிலிருந்து அரியலூர் வழியாகக் கடலூர்வரை ஒரு முறை சென்று வந்தாற் போதும். மேற்கே உட்டத்தூர், காரை ஆகிய கிராமங்களைச் சுற்றி, பழங்காலத்தில் கடலடியில் படிந்த களியும் அதன் பிளவுகளில் பளபளக்கும் ஜிப்சமும் தென்படும். அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சியில் சிப்பி ஓடுகள் செறிந்த சுண்ணாம்புக்கல் உண்டு. சிமெண்டு ஆலைகளை அப்பக்கத்துக்கு ஈர்த்தது அவ்வட்டாரத்தின் சுண்ணாம்புக்கல்லே. அதற்கும் கிழக்கே முந்திரியும் பலாவும் செழிக்கும் பண்ருட்டி, நெய்வேலிப் பக்கத்துச் செம்மண் மேடுகள் கடலூர் மணற்கல் எனப்படும் படிவைச் சார்ந்தவை. கடலை அணுகினால் ஆறுகள் கொணர்ந்த வண்டல் தொடங்கும். எச். எஃப். பிளான்போர்டு என்னும் பூகர்ப்ப நிபுணர் 1860ஆம் ஆண்டுகளிலேயே இவற்றை ஆராய்ந்து எழுதியுள்ளார். இவ்வடுக்குகள் பொதுவாகக் கிழக்கு நோக்கிச் சாய்ந்து ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடப்பதால், எல்லைப் பகுதிகளில் துளைக்கும் ஒரே கிணறு பல வகைப் பாறைகளைக் கடந்து செல்லக்கூடும். ஒரே படிவுக்குள்ளும் மணலும் களியும் மாறி மாறி வரும். நெய்வேலியில் அவற்றோடு பழுப்பு நிலக்கரியும் சேர்ந்திருக்கிறது; 1930ஆம் ஆண்டுகளில் நீருக்காகத் துளையிட்டபோதே அந்நிலக்கரி வெளிப்பட்டது என்பதும், அதன் அடியிலுள்ள மணலில் நீர் பேரழுத்தத்தோடு அடைபட்டிருப்பதால் அதனை இடைவிடாது இறைத்தே சுரங்கம் நடைபெறுகிறது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கவை. வெளிவந்த கல்லைக் கவனித்தவர்கள் இருந்தமையாலேயே அச்செல்வம் நாட்டுக்குக் கிட்டியது.

நான்கு கனிப்பொருள்கள்

விவசாயி அறிந்துகொள்ள வேண்டிய கனிப்பொருள்கள் பல அல்ல, முக்கியமானவை நான்கே.

முதலாவது குவார்ட்ஸ் என்னும் படிகக்கல். மணலிலும் மணற்கல்லிலும் பெரும்பகுதி இதுவே. கண்ணாடியைக் கீறும் கடினம் உடையது. நீரில் கரைவதோ மிக அற்பம். லிட்டருக்குச் சில மில்லிகிராம் அளவே. ஆதலால் தூய படிக மணலின் வழியே வரும் நீர் உப்புக் குறைந்ததாகவும் மென்மையாகவும் சில வேளைகளில் சற்று அமிலத் தன்மையுடையதாகவும் இருக்கும். அத்தகைய நீர் பயிருக்கு நன்று. இரும்புக் குழாயை அரிப்பது ஒன்றே அதனால் வரும் தொல்லை.

இரண்டாவது சுண்ணாம்புக்கல்லின் உயிர்நிலையான கால்சைட். இதன் எடையில் நூற்றுக்கு நாற்பது பங்கு கால்சியம். தூய நீரில் இது லிட்டருக்குப் பதினைந்து மில்லிகிராம்கூடக் கரையாது. ஆனால் கரியமில வாயு ஏறிய நீரில் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் கரையும். இந்நீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படியும். இல்லத்துப் பெண்டிர் இதனை வெறுப்பது இயல்பே. ஆயினும் கால்சியம் நிறைந்த நீர் மண்ணைப் பொலபொலப்பாக வைத்திருக்கும் குணமுடையது.

மூன்றாவது ஜிப்சம். நகத்தாலேயே கீறத்தக்க மென்மையான கல். நிலக்கடலைக்கும் களர் நிலத்துக்கும் விவசாயி விலை கொடுத்து வாங்கி இடும் அதே பொருள்தான் இது. ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய இரண்டரை கிராம் கரையும். எனவே ஜிப்சம் அடுக்கின் வழியே வரும் நீர் கரிப்பும் கடினமும் உடையது.

நான்காவது களி. இதனை ஒரே பொருள் என்று எண்ணுவது பிழை. கயோலின் என்னும் வெண்களி நீரோடு அதிகம் உறவாடாது. மாண்ட்மொரில்லனைட் என்னும் வகையோ கரிசலைப் போல நனைந்தால் வீங்கி உலர்ந்தால் வெடிக்கும்; தன் மேற்பரப்பில் கால்சியம், சோடியம் முதலியவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, வரும் நீரோடு பண்டமாற்றுச் செய்யும். இப்பண்டமாற்றில்தான் பெரிய அபாயம் மறைந்திருக்கிறது.

நுரைக்கும் நீர் நல்ல நீரா?

கடலடியில் படிந்த களியில் சோடியம் நிரம்பியிருக்கும். சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும் நன்னீர் அக்களியைக் கடக்கும்போது, களி கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தை விடுகிறது. கால்சியம் குறைந்த நீர் வழியில் மேலும் சுண்ணாம்பைக் கரைக்கிறது. அதுவும் களியால் பறிக்கப்படுகிறது. முடிவில் கிணற்றுக்கு வந்து சேர்வது சோடியம் பைகார்பனேட் மிகுந்த மென்னீர். அது வாய்க்குக் கசக்காது. துணிக்கு நன்றாக நுரைக்கும். பருப்பும் விரைவில் வேகும். வீட்டார் யாவரும் அதனைப் புகழ்வர். ஆனால் அதனைக் கனத்த மண்ணில் ஆண்டுதோறும் பாய்ச்சினால், மண்ணிலுள்ள கால்சியம் சுண்ணாம்பாக உறைந்துபோக, சோடியம் அதன் இடத்தைப் பிடிக்கும். மண் துகள்கள் பிரிந்து நீர் இறங்கும் துவாரங்களை அடைக்கும். நனைந்தால் சேறு, உலர்ந்தால் பாறை என்னும் நிலை ஏற்படும். நல்ல நிலம் களராவது இவ்வாறே.

நாவின் ருசியையும் சோப்பின் நுரையையும் கொண்டு பாசன நீரை மதிப்பிடுவது எத்துணை ஏமாற்றம் தரும் என்பது இதனால் விளங்கும். மின்கடத்து அளவு ஒன்றை மட்டும் நம்புவதும் ஏமாற்றமே. ஐக்கிய அமெரிக்காவின் உவர்நில ஆராய்ச்சிச் சாலை 1954இல் வெளியிட்ட பாகுபாட்டில், 750 மைக்ரோமோ முதல் 2,250 மைக்ரோமோ வரை கடத்தும் நீர் மிகுந்த உப்புடையது என்றும், அதற்கு மேற்பட்டது மிக மிகுந்த உப்புடையது என்றும் வகுக்கப்பட்டது. ஜிப்சம் முழுவதும் கரைந்து நிறைந்த நீர் அந்த 2,250 என்னும் எல்லையை ஏறக்குறையத் தொட்டுவிடும். எனினும் அது மண்ணைக் களராக்காது. மேற்கூறிய மென்னீரோ அந்த எண்ணில் பாதிக்கும் குறைவாகவே காட்டிவிட்டு நிலத்தைப் பாழ்படுத்தவல்லது. உப்பு எவ்வளவு என்பதோடு, எந்த உப்பு என்பதையும் அறிய வேண்டும்.

இதனை அளந்தறிய, எஞ்சிய சோடியம் கார்பனேட் என்னும் கணக்கை 1950இல் ஈட்டன் என்னும் விஞ்ஞானி வகுத்தார். நீரிலுள்ள கார்பனேட், பைகார்பனேட் ஆகியவற்றின் கூட்டுத் தொகையினின்று கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் தொகையைக் கழித்தால் வருவது அது. லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்விவலன்ட் வரை தீங்கில்லை, 2.50 வரை ஐயத்துக்கிடமானது. அதற்கு மேல் தகாதது. உதாரணமாக ஒரு நீரில் முன்னதன் தொகை 8, பின்னதன் தொகை 4 எனில், எஞ்சுவது 4. அது தகாத நீர். அதனை 2.50 அளவுக்கு இறக்க 1.50 குறைக்க வேண்டும். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் நிற்கும் நீரில் ஒரு மில்லி ஈக்விவலன்ட் குறைக்க ஏறக்குறைய 9 கிலோ தூய ஜிப்சம் வேண்டும். ஆகவே மூன்று அங்குலப் பாய்ச்சல் ஒன்றுக்குச் சுமார் 40 கிலோ தேவை. கடைச்சரக்கு தூய்மை குறைந்ததாகையால் இன்னும் சற்றுக் கூடும். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் இச்செலவு தொடரும். அந்த நீரைத் தரும் அடுக்கை முதலிலேயே அடைத்துவிட்டிருந்தால் இச்செலவு முழுவதும் மிஞ்சியிருக்கும் அன்றோ?

நீரைச் சோதித்தால் போதாதோ?

நீரையே நேரில் சோதிக்கலாமாயிருக்கக் கல்லைச் சோதிப்பானேன் என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. அதற்கு மூன்று விடைகள் உள.

முதலாவது, நீர்ச் சோதனை கிணறு முடிந்த பின்னரே நிகழ்வது. அப்போது கிடைப்பது எல்லா அடுக்குகளின் நீரும் கலந்த கலவை. எந்த அடுக்கு நல்லது, எது தீயது என்பதை அக்கலவை சொல்லாது. கல்லோ, குழாய் இறக்குவதற்கு முன்னரே கைக்கு வருகிறது. எந்த ஆழத்தில் வடிகட்டிக் குழாய் வைப்பது, எந்த ஆழத்தைத் துளையற்ற குழாயாலும் களிப்பூச்சாலும் மூடிவிடுவது என்பதைத் தீர்மானிக்கும் தருணம் அது ஒன்றே.

இரண்டாவது, நீரின் குணம் என்றும் ஒரே நிலையில் இராது. நீர்மட்டம் இறங்க இறங்க, முன்பு சும்மா இருந்த அடுக்குகளிலிருந்தும் நீர் இழுக்கப்படும். பைரைட் என்னும் பொன்னிறக் கந்தகக்கல் கருங்களியோடும் நிலக்கரியோடும் பல நாடுகளில் காணப்படுகிறது. நீருள் மூழ்கியிருக்கும்வரை அது பெரும்பாலும் தீங்கற்றது. நீர் வற்றிக் காற்றுப் பட்டால் கந்தக அமிலமும் துருவும் விளைவிக்கும். இன்று நல்ல நீர் தரும் கிணறு பத்தாண்டுகளில் கெடுமாயின், அடுக்குக் குறிப்பு உள்ளவன் காரணத்தைக் கண்டுகொள்வான்; இல்லாதவன் இன்னும் நூறு அடி துளைத்துக் கடன்படுவான்.

மூன்றாவது, நீர்ச் சோதனை கேளாத கேள்விக்கு விடை தராது. இதற்கு வங்காளத்தில் நேர்ந்த துன்பமே சான்று. குளத்து நீரால் பரவிய வாந்திபேதி முதலிய நோய்களைத் தவிர்க்கும் நன்னோக்கத்துடன் கங்கை, பிரமபுத்திரா ஆறுகளின் வண்டலில் 1970ஆம் ஆண்டுகளிலிருந்து பெருந்தொகையான குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. நீர் தெளிவாக இருந்தது. பாஷாணச் சத்தான ஆர்சனிக் அதில் உண்டா என்று ஆராய அக்காலத்தில் எவருக்கும் தோன்றவில்லை. மேற்கு வங்காளத்தில் 1983இலும், பங்களாதேஷில் 1993இலும் அது கண்டறியப்பட்டது. பங்களாதேஷில் நடந்து 2001இல் வெளியான விரிவான ஆராய்ச்சி, ஆழங்குறைந்த கிணறுகளுள் நூற்றுக்கு 27 கிணறுகளில் அந்நாட்டு வரம்பான லிட்டருக்கு 50 மைக்ரோகிராமை விஞ்சிய ஆர்சனிக் இருப்பதைக் காட்டியது. உலகச் சுகாதார ஸ்தாபனம் வகுத்துள்ள வரம்போ 10 மைக்ரோகிராமே.

அவ்விஷம் எந்த ஆலையிலிருந்தும் வந்ததன்று. வண்டல் மணலின் மணிகளைப் போர்த்திருந்த இரும்புத் துருவில் ஒட்டியிருந்தது. புதைந்து மக்கிய தாவரப் பொருள் பிராண வாயுவை உண்டுவிட, துரு கரைந்து விஷத்தை நீரில் விட்டது. துரு நீங்கிய மணல் சாம்பல் நிறமாயிருக்கும். துரு நீங்காத மணல் செம்பழுப்பாயிருக்கும். இதனை உணர்ந்த பின்னர், பங்களாதேஷின் சில பகுதிகளில் குழாய் இறக்கும் தொழிலாளர்கள் மணலின் நிறத்தைக் கண்டு ஆழத்தைத் தேர்ந்தெடுக்கலாயினர். நிறம் ஒன்றே முழு உறுதியன்று. நீரையும் சோதித்தே தீரவேண்டும். ஆயினும் எந்தப் பொருளுக்காகச் சோதிக்க வேண்டும் என்று சுட்டிக்காட்டுவது கல்லும் மண்ணுமே. கடலூர்ப் பக்கத்து மணலிலும் ஆர்சனிக் உண்டு என்று இதனால் பொருள் கொள்ளலாகாது. கல்லைக் கவனியாத அவசரம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதே கொள்ளத்தக்க பாடம்.

செய்ய வேண்டுவன

துளைப்போர் கூறும் தடை இரண்டு. நேரம் இல்லை என்பது ஒன்று. சேற்று நீரைச் சுழலவிட்டுத் துளைக்கும் முறையில் கற்பொடிகள் தாமதித்தும் ஒன்றோடொன்று கலந்தும் மேலே வருவதால் குறிப்பு நம்பத்தக்கதன்று என்பது மற்றொன்று. இரண்டாவது தடையில் உண்மை உண்டு. ஆனால் குறையுள்ள குறிப்பும் குறிப்பே இல்லாமையினும் மேலானது. பத்தடிக்கு ஒரு முறையும், துளைக்கும் வேகமோ சேற்றின் நிறமோ மாறும்போதெல்லாமும் ஒரு பிடி எடுத்து, ஒரு பாதியைக் கழுவியும் மறுபாதியைக் கழுவாமலும் வைத்தால் பெரும்பிழை நேராது. கழுவினால் களி போய்விடும் என்பதாலேயே மறுபாதியைக் கழுவாது வைக்க வேண்டும். நேரத்தைப் பற்றியோ எனில், சிறு பைகளும் ஒரு பென்சிலும் கவனமுள்ள ஒரு சிறுவனும் இருந்தால் இவ்வேலை முடியும்.

பிறகு சில எளிய சோதனைகள் களத்திலேயே செய்யத்தக்கன. கண்ணாடியைக் கீறினால் படிகக்கல். கீறாமல், நீர்த்த ஹைட்ரோக்ளோரிக் அமிலத் துளி பட்டதும் பொங்கினால் சுண்ணாம்பு. நகத்தால் கீறமுடிந்தும் அமிலத்தில் பொங்காவிடில் ஜிப்சமாக இருக்கலாம். களியை உருட்டி வெயிலில் உலர்த்தினால், மிகச் சுருங்கி வெடிப்பது வீங்கும் வகை எனக் கொள்ளலாம். ஐயமுள்ளவற்றை நிபுணரிடம் காட்டவேண்டும். நீரை, ஒரு மணி நேரமேனும் இறைத்த பின் தூய புட்டியில் பிடித்து, மண்ணோடு பாசன நீரையும் பரிசோதிக்கும் சர்க்கார் நிலையத்துக்கு அனுப்பி, எஞ்சிய சோடியம் கார்பனேட் அளவையும் கேட்டுப் பெறவேண்டும்.

இவை தனி மனிதன் செய்ய வேண்டுவன. பொதுவில் செய்ய வேண்டுவனவும் உள. துளைக்கிணறு இறக்குவோர் அடுக்குக் குறிப்பைக் கையொப்பமிட்டுத் தந்த பின்னரே இறுதித் தவணைக் கூலி பெறுவர் என்னும் வழக்கம் ஏற்படவேண்டும். அக்குறிப்பின் ஒரு பிரதி ஊராட்சி அலுவலகத்தில் இருக்கவேண்டும். அடுத்த வயற்காரர் அதனைப் பார்த்துத் தம் கிணற்றின் ஆழத்தை நிர்ணயிக்கலாம். மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் ஆராய்ச்சிக் குழாய்களுக்கு அடுக்குக் குறிப்புகளை எழுதிவைக்கிறது. ஆயினும் ஒரு மாவட்டத்தில் சர்க்கார் இறக்கும் ஆராய்ச்சித் துளைகள் சில. விவசாயிகள் இறக்கும் துளைகளோ எண்ணிறந்தவை. அத்துளைகள் ஒவ்வொன்றும் ஒரு வரி எழுதிவைத்தால், சர்க்காரால் எவ்வளவு பொருள் செலவிட்டும் தயாரிக்க இயலாத ஒரு படம் ஊர்தோறும் உருவாகும்.

கடனாகப் பெற்ற பொருளைத் தவணை முறையில் தீர்த்துவிடலாம். களராகிவிட்ட நிலத்தைத் திருத்துவது பல்லாண்டு வேலை. லிட்டருக்கு ஒரு கிராம் உப்புள்ள நீரை மூன்று அங்குலம் பாய்ச்சினால், ஒரே பாய்ச்சலில் ஏக்கருக்கு முந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட உப்பு வயலில் இறங்குகிறது. அந்த உப்பு நிலத்தைத் தாங்குவதா, கெடுப்பதா என்பது பூமிக்குள்ளே கனிப்பொருள்களால் முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. அத்தீர்மானத்தை மாற்ற மனிதனால் இயலாது. குழாய் இறக்குமுன் படித்தறிந்து, எந்த அடுக்கின் நீரை ஏற்பது, எதனை விலக்குவது என்று தேர்ந்துகொள்ள இயலும். அதற்குரிய ஏடு ஒவ்வொரு துளைக்கிணற்றின் ஓரத்திலும் குவிந்து கிடக்கிறது. அதனை மழையில் கரைய விடாது எடுத்து வைப்பது விவசாயியின் கடமை. அதனைப் படித்துச் சொல்வது இலாகாவின் கடமை.